திருநாளும் திருமறையும் தாய்நாடும்: யூதர் பண்டிகைகளைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

தைத் திங்கள் பிறந்ததும், பழனியை நோக்கி நடந்து செல்லும் அடியார் கூட்டத்தை நமது திண்டுக்கல் நகரில் ஆண்டுதோறும் காண்கின்றோம். செட்டிநாட்டினின்று நத்தம் வழியாகக் காவடி ஏந்தி வருவோரும், கைக்குழந்தையை இடுப்பில் சுமந்து வருவோரும், வழியோர மரநிழலில் சிறிது இளைப்பாறி மீண்டும் எழுந்து நடப்போருமாகப் பகலும் இரவும் பாதை நிறைந்திருக்கும். தைப்பூசம் என்னும் ஒரு நாள் எத்துணை ஆயிரம் கால்களை நடத்துகின்றது! அவர்களுள் எழுத்தறியாதார் பலர். தலபுராணத்தை ஓதியுணர்ந்தார் மிகச் சிலர். எனினும் நாள் வந்ததும் எழுந்து நடக்கின்றனர்.

இக்காட்சியைக் காணுந்தோறும் யூதருடைய திருநாட்கள் நமது நினைவிற்கு வருகின்றன. பஸ்கா, பெந்தெகொஸ்தே, கூடாரப் பண்டிகை என்னும் பெயர்களை வேதாகமம் பயிலும் மாணவர் அனைவரும் அறிவர். ஆயினும் ஆலயத்தையும் நாட்டையும் இழந்து உலகெங்கும் சிதறிய அம்மக்கள், பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக அந்நாட்களை எங்ஙனம் காத்தனர் என்பதையும், அந்நாட்கள் அவர்களை எங்ஙனம் காத்தன என்பதையும் ஆராய்ந்தார் சிலரே. ஆதலின் ஒரு வினாவை எழுப்பிக்கொண்டு இவ்வியாசத்தைத் தொடங்குகின்றோம். நாட்டை இழந்தவர் நூலையும் இழந்துவிடின், திருநாள் ஒன்றே அவர்தம் சமயத்தைக் காக்க வல்லதோ? இதற்கு விடை தேடி நாம் பாலஸ்தீனம் வரை செல்ல வேண்டுவதில்லை. நமது பாரத நாட்டின் மேலைக் கடற்கரையே விடை பகரும்.

1. வயலும் வரலாறும்

யூதர் ஆண்டுக்கு மூன்று முறை எருசலேமுக்கு யாத்திரை செல்ல வேண்டும் என்பது மோசேயின் பிரமாணம். அம்மூன்று பெருநாட்களும் முதற்கண் அந்நாட்டு உழவரின் நாட்கள் என்பது கருதத் தக்கது. பஸ்கா வாற்கோதுமை அறுப்புத் தொடங்கும் காலத்தது. அதற்கு ஏழு வாரங்கள் கழித்து வரும் வாரங்களின் பண்டிகை, கோதுமை அறுப்புக்கும் முதற்பலன் காணிக்கைக்கும் உரியது. கூடாரப் பண்டிகை, களத்திலும் ஆலையிலும் வேலை முடிந்து, ஆண்டின் விளைவெல்லாம் வீடு வந்து சேர்ந்தபின் நிகழ்வது. நமது திருச்சபைகளில் அறுப்பின் பண்டிகையன்று நெல்லும் பூசணியும் கோழியும் கொண்டுவந்து படைப்பதைக் கண்டவர்க்கு இதன் சுவை எளிதில் விளங்கும்.

வயலின் நாளாகிய ஒவ்வொன்றின்மேலும் வரலாறு ஒன்று ஏறி அமர்ந்தது. பஸ்கா எகிப்தின் அடிமைத்தனத்தினின்று விடுதலை பெற்ற நாளாயிற்று. வாரங்களின் பண்டிகை சீனாய் மலையில் நியாயப்பிரமாணம் அருளப்பட்ட நாள் என்று போற்றப்பட்டது. கூடாரப் பண்டிகை, வனாந்தரத்தில் முன்னோர் கூடாரங்களில் வசித்த காலத்தை நினைப்பூட்டிற்று. இங்ஙனம் நிலமும் விசுவாசமும் ஒரே நாளில் பின்னிக் கிடந்தன.

இவ்விரண்டோடு கல்வியும் மூன்றாவது இழையாகப் பொருந்தியது. கி. பி. 70-ஆம் ஆண்டில் உரோமர் எருசலேம் தேவாலயத்தை அழித்தனர். பலிபீடம் இல்லையாயின் பண்டிகை ஏது என்னும் ஐயம் எழுந்திருக்கக் கூடிய அக்காலத்தில், யோகனான் பென் சக்காய் என்னும் பேராசிரியர் யவ்னே என்னும் ஊரில் கல்விக்கழகம் ஒன்றை நிலைநாட்டினார். அது முதற்கொண்டு பலி நின்ற இடத்தில் படிப்பு நின்றது. பஸ்கா இரவில் வீட்டின் இளைய பிள்ளை எழுந்து, இவ்விரவு மற்ற இரவுகளினின்று ஏன் வேறுபட்டது என்று கேட்க வேண்டும். தந்தை விடுதலை வரலாற்றை எடுத்துரைக்க வேண்டும். பிள்ளையின் கேள்வி இன்றி அவ்வழிபாடு தொடங்குவதில்லை. வாரங்களின் பண்டிகை இரவில் கண் விழித்து மறை பயில்வது பலவிடத்தும் வழக்கமாயிற்று. கூடாரப் பண்டிகையின் முடிவில் தோரா மகிழ்ச்சித் திருநாள் வருகின்றது. வாரந்தோறும் பகுதி பகுதியாக ஓதி வந்த ஐந்தாகமங்களின் இறுதிப் பகுதியை அன்று ஓதி முடித்து, மூச்சு விடாது ஆதியாகமத்தின் முதற்பகுதியைத் தொடங்குவர்.

இவ்வோதுதலில் ஒரு நுட்பம் உண்டு. உபாகமத்தின் முடிவில் மோசே நேபோ மலைமீது நின்று வாக்குத்தத்த நாட்டைக் கண்ணாற் காண்கின்றார். ஆனால் அதனுட் புகாது இறக்கின்றார். மக்கள் இன்னும் ஆற்றுக்கு இப்பால் நிற்கின்றனர். அவ்விடத்தில் ஐந்தாகமங்கள் முடிந்துவிடுகின்றன. நாட்டை எதிரில் வைத்து நிறுத்திவிட்டு, மீண்டும் படைப்பின் தொடக்கத்திற்குத் திரும்பும் நூலை ஆண்டுதோறும் ஓதுகின்ற மக்கள், தாய்நாட்டை எங்ஙனம் மறப்பர்?

2. மழைக்கு ஒரு மன்றாட்டு

யூதர் பஞ்சாங்கமும் அந்நாட்டின் நிலத்தோடு கட்டுண்டதாகும். அவர்தம் மாதங்கள் சந்திரனைப் பின்பற்றுவன. பன்னிரண்டு சந்திர மாதங்களுக்கு ஏறத்தாழ 354 நாட்களே ஆதலின், ஆண்டுக்குப் பதினொரு நாள் வீதம் பண்டிகைகள் பின்னோக்கி நகரும். பஸ்கா இளவேனிற் காலத்திலேயே வருதல் வேண்டும் என்பது விதி. எனவே 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூட்டி அமைத்துக்கொண்டனர். பனி மூடிய வடநாட்டில் வாழும் யூதரும் அப்பழைய நாட்டின் இளவேனிலையே எண்ணி நாள் குறிக்கின்றனர்.

கூடாரப் பண்டிகையின் இறுதியில், எட்டாம் நாள் கூட்டத்தில், மழைக்கான மன்றாட்டு நிகழும். அது புரட்டாசி ஐப்பசித் திங்களை ஒட்டியது. பாலஸ்தீனத்தில் கோடை முழுதும் வறண்டு கிடந்து, அக்காலத்திற்குப் பின்னரே மழை தொடங்கும். ஐப்பசியில் வானம் பார்த்து நிற்கும் திண்டுக்கல் சமவெளி உழவர்க்கு இம்மன்றாட்டின் ஏக்கம் சொல்லாமலே புரியும். ஆனால் மேலைக் கடற்கரையிலோ ஆனி தொடங்கிப் பெய்த பெருமழை அப்போதுதான் ஓயும் தறுவாயில் இருக்கும். கூரையினின்று நீர் சொட்டிக்கொண்டிருக்கும் கொங்கணத்திலும், யூதன் எழுந்து நின்று மழை வேண்டிப் பாடுகின்றான். அவன் வேண்டுவது தான் கண்டறியாத நாட்டின் மழை.

இதனினும் இனியதொரு செய்தி அவர்தம் மிஷ்னா நூலில் உண்டு. பண்டிகை முடிந்தவுடனே மழையைக் கேட்டுவிடலாகாது. பதினைந்து நாள் பொறுத்தே கேட்க வேண்டும் என்று ரபான் கமாலியேல் விதித்தார். யாத்திரை வந்தவருள் மிகத் தொலைவிலிருந்து வந்தவன் ஐபிராத்து நதியை அடையும் வரை அவன் நனையாது நடந்து செல்ல வேண்டும் என்பதே காரணம். வறண்ட நிலத்தை உழக் காத்திருக்கும் குடியானவன், முகமறியாத வழிநடையாளன் ஒருவனுக்காகத் தன் வேண்டுதலை அடக்கிக்கொள்கின்றான். பழனிப் பாதையில் நடப்பார்க்கு நீரும் மோரும் வைத்து நிற்கும் நம் ஊரார் இவ்விதியின் அருமையை நன்குணர்வர்.

3. கொச்சி நகரத்தார்

இனி நம் நாட்டு யூதரைக் காண்போம். சென்னையில் 17-ஆம் நூற்றாண்டில் பவளமும் வைரமும் வாணிகம் செய்ய வந்த யூதர்களின் கல்லறைகள் சில இன்றும் உள்ளன. ஆனால் தலைமுறை தலைமுறையாகத் திருநாள் காத்த குடியைக் காண, மேற்கே மலைகடந்து கொச்சிக்குச் செல்ல வேண்டும். ஏறத்தாழக் கி. பி. 1000-ஆம் ஆண்டளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவருக்குப் பகல் விளக்கு, குடை, பறை, காகளம் முதலிய 72 உரிமைகளை வழங்கிச் செப்பேடு அளித்தனன். அது வட்டெழுத்தில், தமிழுக்கு மிக அண்மையான பழைய மொழியில் பொறிக்கப்பட்டது. செந்தமங்கலத்தில் கி. பி. 1269-ஆம் ஆண்டைச் சேர்ந்த எபிரேயக் கல்லறைக் கல்லும் உளது. மட்டாஞ்சேரியில் அரண்மனையை அடுத்து நிற்கும் பரதேசி ஜெப ஆலயம் 1568-இல் எழுந்தது.

இவர்கள் நாட்டை இழந்தும் நூலை இழவாதவர். எபிரேயம் பயின்றனர்; வெளிநாட்டினின்று நூல்களை வருவித்தனர். பெண்டிரும் மறைமொழி பயின்றதோடு, மலையாளத்தில் வேதக் கதைகளைப் பாட்டாகக் கையேடுகளில் எழுதிவைத்துத் திருமணத்திலும் திருநாளிலும் பாடினர். பஸ்காவுக்கு அவர்கள் செய்த ஆயத்தம் பல திங்கள் நீளும். வீட்டுக்கு வெள்ளையடிப்பர், கிணற்றை இறைத்துத் தூய்மை செய்வர், அந்நாட்களுக்கென்றே வைத்த பாத்திரங்களை எடுப்பர், புளிப்பில்லாத அப்பத்துக்குரிய கோதுமையை மணி மணியாக ஆய்வர். தோரா மகிழ்ச்சித் திருநாளிலோ வேறெங்கும் இல்லாத சில வழக்கங்களைக் கைக்கொண்டனர். தற்காலிகமாக ஒரு பேழை அமைத்து, தோராச் சுருள்களை அதில் அணிசெய்து வைப்பர். பிற்பகலில் அச்சுருள்களை ஏந்தி ஆலயத்துக்கு வெளியே வலம் வருவர். திருநாள் முடிந்ததும் அப்பேழையைக் கலைத்துவிடுவர். கோயில் திருவிழாக்களில் சுவாமி புறப்பாடு காணும் நாட்டில், அவர்கள் தங்கள் நூலையே புறப்பாடு செய்தனர் எனல் பொருந்தும்.

4. நூலிழந்தார் காத்த நாட்கள்

கொச்சிக்கு வடக்கே, பம்பாய்க்கு அருகிலுள்ள கொங்கணக் கரையில் பெனே இஸ்ரவேலர் என்னும் மற்றொரு கூட்டத்தார் வாழ்ந்தனர். அவர்தம் முன்னோர் வந்த மரக்கலம் நவகாவ் என்னும் ஊரருகே உடைந்தது என்றும், ஆடவர் எழுவரும் பெண்டிர் எழுவருமே பிழைத்தனர் என்றும், நூல்கள் யாவும் கடலில் அழிந்தன என்றும் அவர்களது மரபுரை கூறும். காலம் எதுவென்று துணிதற்கில்லை. ஆனால் எபிரேய நூலும் ஆசானும் இன்றி நெடுங்காலம் வாழ்ந்தனர் என்பது திண்ணம். செக்காட்டி எண்ணெய் எடுப்பது அவர்கள் தொழில். ஓய்வுநாளில் மட்டும் செக்கு ஓடாது. ஆதலின் அயலார் அவர்களைச் சனிக்கிழமைச் செக்கார் என்னும் பொருள்பட மராத்தியில் 'சனிவார் தேலி' என்றழைத்தனர். இஸ்ரவேலின் கடவுள் ஒருவரே என்று அறிக்கையிடும் 'ஷெமா' என்னும் மறைமொழி ஒன்றே அவர்கள் நாவில் எஞ்சியிருந்தது. பிறப்பிலும் மணத்திலும் இறப்பிலும் அதனையே ஓதினர்.

இனி அவர்தம் திருநாட்களின் பெயரை நோக்குவோம். பாவநிவாரண நாளை அவர்கள் 'கதவடைப்புத் திருநாள்' என்றனர். அன்று வெண்ணிற ஆடை உடுத்து, உபவாசம் இருந்து, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டினுள் அமர்ந்திருப்பர். பூட்டுக்குப் பேர்போன நம் ஊரிலே கதவடைப்பது களவுக்கு அஞ்சி. அவர்களோ உலகை வெளியே நிறுத்திக் கடவுளோடு தனித்திருப்பதற்காகக் கதவடைத்தனர். எருசலேம் ஆலயம் இருமுறை அழிந்த துயரநாள், அன்று உண்ணும் முளைகட்டிய அவரைக் குழம்பினாற் பெயர் பெற்றது. பஸ்காவோ 'புளிப்புச் சாடியை மூடும் திருநாள்' எனப்பட்டது. வீட்டில் எப்போதும் இருக்கும் புளித்த குழம்புச் சாடியை அந்நாட்களில் மூடி வைத்துவிடுவர்.

இவ்விடத்தில் சிறிது நின்று சிந்திப்போமாக. எகிப்தும் பார்வோனும் செங்கடலும் எடுத்தோத நூல் இல்லை. புளித்த மாவை நீக்கும் விதியின் காரணம் மறைந்துபோயிற்று. எனினும் அச்சாடியின் மூடி உரிய திங்களில், உரிய நாளில், ஆண்டு தவறாது வைக்கப்பட்டது. ஏன் என்று பிள்ளை கேட்டிருப்பின், முன்னோர் செய்தனர், நாமும் செய்கின்றோம் என்பதன்றித் தாய் வேறு என்ன சொல்லியிருப்பாள்? ஆனால் அம்மூடியே ஒரு சமயம் முழுவதையும் அணையாமற் காத்தது. கி. மு. இரண்டாம் நூற்றாண்டில் தோன்றிய தீபத் திருநாளாகிய ஹனுக்காவை அவர்கள் அறியாதிருந்தனர். அதனால் அவர்தம் முன்னோர் அதற்கு முன்னரே தாய்நாட்டை விட்டிருத்தல் கூடும் என்று சிலர் கருதுவர். அது முடிந்த முடிபு அன்று.

5. மீண்டு வந்த கல்வி

இவர்களை அடையாளங் கண்டவர் கொச்சி ரகாபி குடும்பத்துத் தாவீது என்பது மரபு. அவர் இக்கூட்டத்துப் பெண்டிரிடம் பலவகை மீன்களைக் கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். அவர்கள் செதிலும் சிறகும் உள்ள மீனை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கினர். மோசேயின் பிரமாணத்தை நூலிற் காணாதவர் அடுக்களையிற் கைக்கொண்டதை அறிந்து, அவர் இளைஞர் மூவரைத் தேர்ந்து எபிரேயமும் வழிபாடும் கற்பித்தார் என்பர்.

இவ்வரலாற்றில் நம் திண்டுக்கல்லுக்கும் தொலைவான உறவொன்று உண்டு. நமது மலைக்கோட்டையை ஐதரலியும் அவர் மகன் திப்புசுல்தானும் ஆண்டது யாவரும் அறிந்ததே. அத்திப்புவோடு ஆங்கிலக் கம்பெனியார் நிகழ்த்திய போரில் பம்பாய்ப் படையிற் சேவித்த பெனே இஸ்ரவேலருள் சாமுவேல் எசேக்கியேல் திவேகர் என்பார் ஒருவர். அவர் திப்புவின் சிறையில் இருந்தபோது, உயிரோடு மீளின் ஜெப ஆலயம் ஒன்று கட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்று வழங்குவர். 1796-இல் பம்பாயில் அவர் எழுப்பிய 'இரக்கத்தின் வாசல்' என்னும் ஆலயமே அச்சமூகத்தாரின் முதல் ஆலயம்.

அடுத்த நூற்றாண்டில் கல்வி விரைந்து பரவிற்று. அமெரிக்க மிஷனரிமார் அவர்தம் பிள்ளைகட்குப் பள்ளிகள் அமைத்தனர். ஸ்காத்லாந்து மிஷனைச் சேர்ந்த ஜான் வில்சன் 1832-இல் எபிரேய இலக்கணத்தை மராத்தியில் எழுதி வெளியிட்டார். கொச்சியினின்றும் ஆசிரியர் வந்தனர். 1846-இல் பஸ்கா இரவின் ஆகதா நூல் மராத்தி மொழிபெயர்ப்புடன் பம்பாயில் அச்சாயிற்று. மிஷனரிமார் அவர்களைக் கிறிஸ்தவராக்கும் நோக்குடனே கற்பித்தனர் என்பதை மறைத்தற்கில்லை. அவர்களோ கற்ற எபிரேயத்தைக் கொண்டு தங்கள் முன்னோர் சமயத்திலேயே முன்னிலும் ஊன்றி நின்றனர். மிஷன் கல்லூரியிற் பயிலும் நாம் இதனை நாணாது எண்ணிப் பார்க்கலாம். கொடுத்தவன் எண்ணிய வழியிலே செல்லாமல், பெற்றவனுக்கு வேண்டிய வழியிலே பயன்படுவது கல்வியின் இயல்பு.

மூடிய சாடியின் பொருள் இப்போது விளங்கிற்று. விளங்கியதும் எருசலேம் அண்மைக்கு வந்தது. அடுத்த ஆண்டு அந்நகரில் இருப்போமாக என்னும் விருப்பத்தோடு ஆகதா முடிவதை அவர்கள் தங்கள் தாய்மொழியிற் படித்தனர்.

6. இரு தாய்நாடுகள்

1948-இல் இஸ்ரவேல் நாடு தோன்றியது. 1950-களின் நடுப்பகுதிக்குள் கொச்சி யூதரிற் பெரும்பாலார் கப்பலிலும் விமானத்திலும் சென்று குடியேறினர். நெகேப் வனாந்தரத்து நெவாத்தீம் போன்ற ஊர்களில் உழவராயினர். மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் ஆலயத்தின் மரவேலைப்பாடமைந்த உட்புறம் இன்று எருசலேம் அருங்காட்சியகத்தில் உளது. பெனே இஸ்ரவேலரும் ஆயிரக்கணக்கில் சென்றனர்.

சென்றவர்க்கு ஆங்கு எதிர்பாராததொரு துன்பம் நேர்ந்தது. 1960-களின் தொடக்கத்தில் அந்நாட்டு ரபிமாருட் சிலர் பெனே இஸ்ரவேலரின் மரபு தூயதோ என்று ஐயுற்றனர். பிற யூதரை மணக்குமுன் அவர்தம் குலவழியை ஆராய வேண்டும் என்று தலைமைப் பீடம் விதித்தது. நூலின்றித் திருநாளைக் காத்தவர், நூலைக் காத்தவரிடம் தாம் யாரென்று மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று! அவர்கள் எருசலேமில் மறியல் செய்தனர். 1964-இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் அவர்கள் எவ்வகையாலும் முழு யூதரே என்று அறிவித்தது. ரபிமாரும் தம் விதியைத் திருத்தினர். புளிப்புச் சாடியை மூடிய பாட்டிமாரின் விசுவாசம் அன்றுதான் கற்றோர் அவையில் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இந்தியாவில் தங்கியவர் இன்று சில ஆயிரவரே. கொச்சியிலோ விரல்விட்டு எண்ணத் தக்க சிலரே உளர். மரங்களின் புத்தாண்டு நாளில் பெனே இஸ்ரவேலர் அலிபாகுக்கு அருகிலுள்ள சாகாவ் என்னும் சிற்றூருக்குச் செல்வர். அங்குள்ள பாறையில் காணும் சுவடு எலியா தீர்க்கதரிசியின் இரதம் பதிந்தது என்பது அவர்கள் நம்பிக்கை. அவலும் தேங்காயும் சருக்கரையும் கனிகளும் சேர்த்த 'மலிதா' படைத்து, எலியாவைப் போற்றிப் பாடுவர். எருசலேமை நோக்கித் தொழுதவர்க்குக் கொங்கணப் பாறையும் புனிதமாயிற்று. தாய்நாடு ஒன்றே இருத்தல் வேண்டும் என்று யார் சொன்னார்?

முடிவுரை

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இனி விடை கூறலாம். நூல் இன்றியும் திருநாள் விசுவாசத்தைக் காக்கும். கொங்கணக் கரையே சான்று. ஆனால் பொருள் மறைந்த திருநாள், மூடியிட்ட சாடி போல்வது; உள்ளதைக் கெடாமல் வைத்திருக்குமேயன்றித் திறந்து காட்டாது. திறப்பது கல்வி. திறந்தபின் தாய்நாடு கண்ணுக்குத் தெரிகின்றது. கற்றவர் மறக்கலாகாத செய்தியும் ஒன்றுண்டு. சாடியைக் காத்தவள் கல்லாதவள். அவளை ஐயுறுவது கல்விக்கு அழகன்று.

நம் இல்லங்களிலும் காரணம் கூறப்படாத வழக்கங்கள் பல உள. விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவர், பாட்டியின் அருகமர்ந்து, இந்நாள் எதற்கு, இவ்வுணவு எதற்கு என்று பஸ்கா இரவின் இளம்பிள்ளை போலக் கேட்பாராக. அவளுக்கு விடை தெரியாவிடின் நகையாது, அதனைத் தேடிக் கொணர்ந்து அவளுக்குச் சொல்வாராக. அவள் காத்து வைத்தது அவளுக்கே முதலில் விளங்குதல் முறை.